இருக்கும் ஸ்டீரியோவுடன் வால்வு ஆம்ப்ளிஃபையர்: சேலத்து நேயர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அழகாபுரம்): ஐயா, என் வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரும், சிடி பிளேயரும், இரண்டு சிறிய ஸ்பீக்கர்களும் உள்ளன. ஸ்பீக்கரின் பின்புறம் 86 டெசிபெல், 8 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. 300பி வால்வு (காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்) போட்ட 8 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கிச் சேர்க்கலாமா?

பதில்: இந்த ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு அதை வாங்க வேண்டாம். 86 டெசிபெல் என்பது, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் கேட்கும் ஒலியளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் வாட் இரட்டிப்பாக வேண்டும் என்பதால், 8 வாட்டையும் முழுதாகக் கொடுத்தாலும் 95 டெசிபெலோடு நின்றுவிடும். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அதிலும் குறையும். வீணைக்கும் தனிக்குரலுக்கும் இது போதும். தவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் அடியின் கூர்மை மழுங்கி, எல்லாம் ஒன்றாகக் குழம்புவதைக் கேட்பீர்கள். 94 டெசிபெல் ஸ்பீக்கரில் 8 வாட் தரும் ஒலியை உங்கள் ஸ்பீக்கரில் பெற ஏறக்குறைய 50 வாட் வேண்டும்.

ஆகவே ஸ்பீக்கரை மாற்றுவதில்லை என்றால், இஎல்34 அல்லது கேடி88 வால்வுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இயங்கும் புஷ்-புல் வகையில் 35 வாட்டுக்குக் குறையாத ஒன்றைப் பாருங்கள். சிடி பிளேயரை நேரே அதனுடன் இணைத்து, ஸ்பீக்கர் வயர்களை 8 ஓம் முனைகளில் மாட்டினால் வேலை முடிந்தது. 4 ஓம் முனையிலும் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். பவர் சற்றுக் குறையலாம், ஆனால் சில ஸ்பீக்கர்களில் அடித்தொனி இறுக்கமாக வரும்.

கேள்வி (குகை): அவ்வளவு செலவு செய்ய இயலாது. 12ஏயு7 வால்வு ஒன்றே ஒன்று உள்ள சிறிய பஃபர் பெட்டியைப் பழைய ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வைத்தால் வால்வின் இனிமை கிடைக்குமா?

பதில்: சிறிதளவு கிடைக்கலாம், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வால்வு ஆம்ப்ளிஃபையரின் தனித்தன்மை பெரும்பாலும் பவர் வால்வுகளும், அவற்றை ஸ்பீக்கருக்குப் பொருத்தும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரோடு சேரும் இடத்தில்தான் பிறக்கிறது. அங்கே மின்மறுப்பு (ஓம் கணக்கில் சொல்லும் தடை) டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரைவிட அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் மின்மறுப்பு ஏறி இறங்குவதற்கு ஏற்ப ஒலியும் சற்று ஏறி இறங்கும். ஒரே வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒரு வீட்டில் உருக்கமாகவும் இன்னொரு வீட்டில் மந்தமாகவும் கேட்பதற்குக் காரணம் இதுவே. நன்றாக வடிவமைத்த பஃபரோ ஒலியை மாற்றாமல் கடத்துவதையே வேலையாகக் கொண்டது. அதிலும் மலிவான பெட்டிகள் சில, அந்த வால்வுக்கு உரிய மின்னழுத்தத்தில் சிறு பங்கை மட்டும் கொடுத்து, அடியில் ஒரு விளக்கை எரியவிட்டுக் கண்ணுக்கு விருந்து வைக்கின்றன.

கேள்வி (சூரமங்கலம்): படம் பார்க்க ஏவி ரிசீவர் இருக்கிறது. அதே முன் ஸ்பீக்கர்களில் பாட்டுக்கு மட்டும் வால்வு ஆம்ப்ளிஃபையரைப் பயன்படுத்த என்ன வழி?

பதில்: இரண்டு வழிகள் உண்டு. ரிசீவரில் ப்ரீ-அவுட் முனைகள் (பவர் கூட்டுவதற்கு முந்தைய ஒலியை வெளியே தருபவை) இருந்தால் அவற்றிலிருந்து வால்வு ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து, அதன் ஒலியளவை ஒரே இடத்தில் நிறுத்திவைத்து, ரிசீவரின் ஒலிச் சீரமைப்பை மறுபடி செய்யலாம். ஆனால் செய்தி பார்க்கும் நேரத்திலும் வால்வுகள் எரிந்துகொண்டிருக்கும். பவர் வால்வின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம்தான் என்பதால் இந்த வழியை நான் விரும்புவதில்லை.

மற்றது, ஸ்பீக்கரை இங்கும் அங்கும் மாற்றும் சுவிட்ச் பெட்டி. இதில் மிகுந்த கவனம் தேவை. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் அவுட்புட்கள் ஒரு நொடிகூட ஒன்றோடொன்று தொடக்கூடாது. தொட்டால் டிரான்சிஸ்டர் பக்கம் எரிந்துபோகலாம். ஆகவே ஒன்றை முழுதாக விட்ட பிறகே மற்றதைப் பிடிக்கும் சுவிட்சாகவும், பிளஸ், மைனஸ் இரண்டு வயர்களையும் சேர்த்து மாற்றுவதாகவும் இருக்க வேண்டும். அதோடு, ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபையரில் பாட்டு ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி அதன் காப்பு உடைந்துபோகும். அந்த உறுப்புதான் விலையில் முதன்மையானது. விடப்பட்ட பக்கத்தில் 8 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, போதிய வாட் தாங்குவதாக, இணைந்திருக்கும்படி பெட்டியைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): எங்கள் தெருவில் விசைத்தறிகள் அதிகம், கரண்ட் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் அவசியமா?

பதில்: முதலில் ஒரு வாரம் காலை, மாலை, இரவு என மீட்டரில் பாருங்கள். 230 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்றால் வேண்டாம். இரவில் தறிகள் நின்றபின் 250 வரை ஏறுமானால், வால்வின் இழைக்குச் செல்ல வேண்டிய 6.3 வோல்ட் 6.8ஐத் தாண்டும், உயர் மின்னழுத்தமும் கூடவே ஏறும், வால்வின் ஆயுள் குறையும். அப்படியானால் படிப்படியாகத் தாவும் ரிலே வகையைத் தவிர்த்து, சீராகத் திருத்தும் செர்வோ வகையை வாங்குங்கள். சதுர அலை இன்வர்ட்டரில் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஓட்டக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): அமெரிக்காவிலிருந்து மகன் 120 வோல்ட் வால்வு ஆம்ப்ளிஃபையர் கொண்டுவருகிறான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

பதில்: வோல்ட்டுக்குப் போதும்; அலைவெண்ணுக்குப் போதாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. 60க்கு மட்டும் வடிவமைத்த டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடேறும். தகட்டில் 50/60 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஏற்காடு, நாகலூர்): இங்குள்ள பனிமூட்டமும் இடியும் வால்வுகளைக் கெடுக்குமா?

பதில்: எரிந்துகொண்டிருக்கும் வால்வை ஈரம் அண்டாது. வாரக்கணக்கில் சும்மா கிடக்கும்போதுதான் வால்வின் கால்களிலும் சாக்கெட்டிலும் களிம்பு படிந்து கரகரப்பு வரும். வாரம் ஒரு முறையேனும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் சூட்டை எடுத்துச் செல்லும் திறனும் குறையும். குளிர்தானே என்று கண்ணாடி ஷோகேஸுக்குள் பூட்டிவைக்காதீர்கள். கோடை மழைக்கு முன் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையும், டிவி வழியாக இணைந்திருந்தால் கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): வால்வு ஆம்ப்ளிஃபையரை இணைத்ததிலிருந்து ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கிறது. எர்த் வயரைக் கழற்றினால் நின்றுவிடும் என்கிறார்கள்.

பதில்: நிற்கக்கூடும், ஆனாலும் செய்யவே கூடாது. உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை ஓடுகிறது; காப்பு பழுதானால் உயிரைக் காப்பது அந்த ஒரு வயர்தான். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையிலிருந்து இணையுங்கள். பிறகு இன்புட் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது இரைச்சல் நிற்கிறதோ, பழுது அந்தப் பாதையில் இருக்கிறது. பெரும்பாலும் அது டிவி கேபிளாக இருக்கும். எல்லாவற்றையும் கழற்றியும் நிற்காவிட்டால் ஃபில்டர் கண்டென்சர்களையோ பவர் வால்வின் பயஸையோ (பாட்டு இல்லாதபோதும் அதில் ஓடும் மின்னோட்டத்தின் அளவமைப்பு) பார்க்க வேண்டும். அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கேள்வி (அம்மாபேட்டை): அந்தக் கால மாடர்ன் தியேட்டர்ஸ் பாடல்களை வால்வில் கேட்டால்தான் உண்மையான ஒலி வரும் என்பது சரியா?

பதில்: 1935இல் நம் ஊரில் தொடங்கிய அந்த ஸ்டுடியோவின் பழைய பாடல்கள் வால்வுக் கருவிகளின் வழியே பதிவானவை என்பதில் ஐயமில்லை. அந்தக் குணம் பதிவிலேயே இருக்கிறது. எந்த ஆம்ப்ளிஃபையரில் போட்டாலும் கூடவே வரும். பழைய ஒலிப்பதிவில் உச்ச சுரங்கள் குறைவு, பின்னணி இரைச்சல் அதிகம்; பதிவில் இல்லாததை வால்வு கொண்டுவராது. அந்தப் பாடல்கள் மட்டுமே உங்கள் விருப்பம் என்றால், நடு சுரங்களை நன்றாகத் தரும் பெரிய கோன் ஸ்பீக்கருக்கு முதலில் செலவிடுங்கள். அது 94 டெசிபெலாக அமைந்துவிட்டால் மேலே வேண்டாம் என்று சொன்ன அந்த 8 வாட் ஆம்ப்ளிஃபையரே உங்களுக்குப் பொருந்தும்.