ரொஸ்கில்ட பேராலயம்: செங்கல், சுண்ணாம்பு, சில சந்தேகங்கள்

டென்மார்க்கின் ரொஸ்கில்ட நகரிலுள்ள செங்கல் பேராலயம் 1995 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. நம் குழு உறுப்பினர்கள் அதைப் பற்றி அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இவை.

கேள்வி: ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்கள் பெரும்பாலும் கல்லில் இருக்க, இங்கே ஏன் செங்கல்?

ரொஸ்கில்ட இருக்கும் ஷேலாண்ட் தீவில் செதுக்க வாகான பாறை குறைவு. பனியாறுகள் உருட்டி வந்த கிரானைட் குண்டுகள் உண்டு, ஆனால் உளிக்கு எளிதில் மசியாது. களிமண்ணோ தாராளம். இதே இடத்தில் முன்பிருந்த தேவாலயத்தைத் துளைகள் நிறைந்த சுண்ணப்பாறையில் கட்டினார்கள். செங்கல் சுடும் நுட்பம் 1160 வாக்கில் இத்தாலியின் லொம்பார்டியிலிருந்து டென்மார்க்கை எட்டியது. 1170களில் பிஷப் அப்சலோன் புதிய கட்டடத்தைத் தொடங்கினார். கிழக்குப் பக்கம் எழ எழ, பழைய கல்கோயிலை இடித்துக்கொண்டே வந்தார்கள்.

கேள்வி: ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன் சார். இது ரோமனெஸ்க்கா, கோதிக்கா?

இரண்டும்தான் தம்பி. தொடங்கியது அரைவட்ட வளைவுகள் கொண்ட ரோமனெஸ்க் பாணியில். அப்சலோனுக்குப் பின் வந்த பிஷப் பேதர் சூனெசன் பாரிசில் படித்தவர், அவர் காலத்தில் திட்டம் கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக்குக்கு மாறியது. அரைவட்ட வளைவின் உயரம் எப்போதும் அகலத்தில் பாதி. கூர்முனை வளைவில் அந்தக் கட்டாயம் இல்லை. அகலம் கூடிக் குறைந்தாலும் உச்சியை ஒரே மட்டத்தில் நிறுத்தலாம், வளைவு சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் குறையும். கட்டடத்தின் பெரும்பகுதி 1280 வாக்கில் முடிந்தது.

கேள்வி: கொத்தனார் வேலை பார்க்கிறவன். கல் என்ன அளவு? எப்படி அடுக்கினார்கள்?

அந்தக்கால டேனிஷ் செங்கல் நம் கல்லைவிடப் பெரிது அண்ணே. நீளம் ஏறத்தாழ 28 செ.மீ., அகலம் 13, உயரம் 8.5, எடை ஐந்து கிலோவுக்கு மேல். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நெடுக்குக்கல் (நீளப் பக்கம் வெளியே தெரிவது), ஒரு குறுக்குக்கல் (சிறு முனை மட்டும் வெளியே தெரிவது) என்று மாற்றி மாற்றி வைப்பது அந்தக்கால வழக்கம். கனமான சுவரில் இரு பக்கமும் செங்கல் முகம் எழுப்பி, நடுவில் சுண்ணாம்புக் காரையோடு உடைகல்லை நிரப்புவார்கள். இதில்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் காரை காற்றுப் படாமல் மெதுவாகத்தான் இறுகும். அவசரப்பட்டு உயர்த்தினால் ஈர நிரப்பு முகங்களை வெளியே தள்ளிவிடும். குறுக்குக்கற்கள் உள்ளே ஊன்றிப் பிடிப்பது அதைத் தடுக்க. குளிர்காலத்தில் வேலையை நிறுத்தி, சுவரின் தலையை மூடி வைப்பார்கள்.

கேள்வி: இவ்வளவு பழைய சுவரில் செங்கற்களுக்கு இடையிலுள்ள சந்தில் காரை உதிர்ந்தால் சிமென்ட் பூசலாமா?

கூடாது. பழைய செங்கல் மென்மையானது, சிமென்ட் இறுக்கமானது. சந்து வழியாகப் போகவேண்டிய ஈரம் கல்லின் முகம் வழியாக வெளியேறும். கூடவே வரும் உப்பு, முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகும். டென்மார்க் குளிரில் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், கல் பொரிந்து ஏடு ஏடாகக் கழன்று விழும். கடைசியில் கல் உள்வாங்கி, சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு சுவரைப் பார்த்தாலே வயிறு எரியும்.

முறை இது: பழைய காரையை உளியால் கையாலேயே சந்தின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு ஆழமாவது எடுக்கவேண்டும். கிரைண்டர் வேண்டாம், கல்லின் விளிம்பை அறுத்துவிடும். தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் காரையைச் சிறு அடுக்குகளாக அழுத்தி நிரப்பி, ஈரச் சாக்கால் சில நாள் மூடவேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்களில் தொடவே கூடாது.

கேள்வி: அரசர்களின் உயரம் குறித்த தூண் ஒன்று இருக்கிறதாமே?

ஆம், மூன்று ஞானிகள் சிற்றாலயத்தில். அரசர் முதலாம் கிறிஸ்டியனின் கோடு 2.19 மீட்டரில் இருக்கிறது. எலும்பை அளந்தபோது கிடைத்தது 1.88 மீட்டர்தான்.

கேள்வி: நான் மயிலாடுதுறைப் பக்கம். தரங்கம்பாடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1616-இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் ஆட்சியில். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. பேராலயத்தின் மேற்குக் கோபுரங்கள் மேல் இன்று காணும் ஒல்லியான கூர்முடிகள் 1635-36-இல் அதே அரசர் வைத்தவை. 1648-இல் இறந்தவரை வடபுறத்தில் அவரே கட்டத் தொடங்கிய சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே போனால் கொல்லர் காஸ்பர் ஃபின்கெ அடித்த இரும்புக் கதவை நின்று பாருங்கள்.