தேய்பிறையில் போங்கள், வியேக்கெஸில் இரண்டு இரவு தங்குங்கள்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து கரீபியன் தீவு ஒன்றுக்குப் போக நினைக்கிறோம். சிலருக்கு விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. இருவர் சைவம். எந்தத் தீவு, எத்தனை நாள், எப்படித் திட்டமிடுவது?

எங்கள் கூட்டமும் எட்டுப் பேர்தான். கல்லூரி விடுதியில் ஒரே தளத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர், அவர்களில் இருவரின் மனைவிமார், அப்புறம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, கோவைக்காரி. மார்ச் மாதத்தில் ஆறு நாள் புவெர்ட்டோ ரிக்கோ போய்வந்தோம். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். தீவு எது என்பதைவிட, எந்தத் தேதி என்பதுதான் பெரிய விஷயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விசா. ஜமைக்காவுக்கும் பார்படாஸுக்கும் சுற்றுலா போக இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் சிக்கல் அங்கே போவதில் இல்லை, திரும்பி வருவதில் இருக்கிறது. எச்-1பி என்ற வேலை விசாவின் முத்திரை முடிந்தவர்கள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்ப ஒரு சலுகை உண்டு. பக்கத்துத் தீவுகளுக்கும் அந்தச் சலுகை நீள்வது எஃப் விசா மாணவர்களுக்கும் ஜே விசாவில் வந்தவர்களுக்கும் மட்டும்தான். எங்களில் மூன்று பேருக்கு முத்திரை முடிந்திருந்தது. புவெர்ட்டோ ரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் கையில் இருக்கும் தீவு. அதனால் நியூவர்க்கிலிருந்து தீவின் தலைநகர் சான் ஹுவானுக்குப் பறப்பதும் சிகாகோவுக்குப் பறப்பதும் ஒன்றுதான், உள்நாட்டு விமானம். டாலர்தான் செலாவணி, உங்கள் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும். இருந்தாலும் பாஸ்போர்ட்டும், விசா அனுமதிக்கான ஐ-797 தாளும் கைப்பையில் இருக்கட்டும். விதிகள் மாறக்கூடியவை, கிளம்புமுன் உங்கள் நிறுவன வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் தீவுகளும் அமெரிக்காவுடையவைதான், அழகானவைதான். எட்டுப் பேருக்கு எட்டு விதமான ஆசை இருக்கும் என்பதால்தான் பெரிய தீவாகப் பார்த்தோம். கோட்டை பார்க்க ஒருவனுக்கு ஆசை, மலை ஏற ஒருவனுக்கு ஆசை, மணலில் படுத்துக் கிடக்க இருவருக்கு ஆசை. கிழக்கு மேற்காகச் சுமார் 180 கிலோமீட்டர் நீளமுள்ள தீவில் இதெல்லாம் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் கிடைத்தது.

இப்போது தேதி. உங்கள் பயணத்தின் உச்சம் வியேக்கெஸ் தீவில் உள்ள மொஸ்கிட்டோ விரிகுடாவாக இருக்க வேண்டும். புவெர்ட்டோ ரிக்கோவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள சின்னத் தீவு அது. அந்த விரிகுடாவில் இரவில் தண்ணீரைக் கலக்கினால் நீல ஒளி எழும். கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிரிகள், ஒரு காலன் நீரில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அசைவு பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு கணம் மின்னி அணைகிறது. கரையைச் சுற்றிலும் அலையாத்திக் காடு. அதன் இலைகள் உதிர்ந்து மக்கி இவற்றுக்கு ஊட்டமாகின்றன. கடலோடு சேரும் வாய் குறுகலாக இருப்பதால் உயிரிகள் வெளியே அடித்துச் செல்லப்படாமல் உள்ளேயே பெருகுகின்றன. உலகிலேயே அதிகப் பிரகாசமான ஒளிரும் விரிகுடா என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய இடம் இது. 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்தபின் சில மாதம் இருண்டே கிடந்து மறுபடி ஒளிரத் தொடங்கியது.

இந்த ஒளியைப் பார்க்க இருட்டு வேண்டும். நிலா வெளிச்சம் இருந்தால் முக்கால்வாசி அழகு போய்விடும். பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல், டிக்கெட் மலிவாகக் கிடைத்த வாரத்தில் போய் ஏமாந்து வருகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பௌர்ணமிக்கு முதல் நாள் போய், "ஒன்றும் பெரிதாக இல்லை" என்று சொன்னதைக் கேட்டு எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அமாவாசையை ஒட்டிப் போவது உத்தமம். அது முடியாவிட்டால் தேய்பிறையில் போங்கள், வளர்பிறையில் போகாதீர்கள். வளர்பிறையில் சூரியன் மறையும்போதே நிலா வானத்தில் ஏறியிருக்கும். பௌர்ணமிக்குப் பிறகு நிலா நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். நாங்கள் போனது பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள். நிலா வர இரவு பத்து மணிக்கு மேலாகும். ஏழரை மணிப் படகில் போன எங்களுக்கு அமாவாசை இருட்டு கிடைத்தது. ஆகவே வீட்டிலிருக்கும் தினசரி நாட்காட்டியை எடுத்து, முதலில் அந்த ஒரு இரவைக் குறியுங்கள். விமானம், வீடு, கார் எல்லாம் அதற்குப் பிறகுதான். மாதம் என்று கேட்டால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.

வியேக்கெஸில் ஒரு இரவு போதும் என்று எங்களில் நான்கு பேர் வாதாடினார்கள். இரண்டு இரவு என்று பிடிவாதமாக நின்றவன் தருமபுரிக்காரன். அவன் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. முதல் இரவு காற்று பலமாக இருந்ததால் படகு விடவில்லை. ஒரு இரவு மட்டும் போட்டிருந்தால் மறுநாள் காலை அப்படியே திரும்பியிருப்போம்.

இரண்டாம் இரவு எஸ்பெரான்சா என்ற ஊரிலிருந்து வேனில் ஏற்றிப் போனார்கள். கொசு மருந்து, வெயில் களிம்பு எதுவும் பூசி வரக் கூடாது, தண்ணீரில் கலந்தால் உயிரிகளுக்குக் கேடு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அங்கே நீந்தவும் அனுமதி இல்லை. இருவர் உட்காரும் துடுப்புப் படகு, எல்லோருக்கும் மிதவைச் சட்டை உண்டு. என் படகில் கோவைத் தோழி. அவளுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம். கரையிலிருந்து பத்து அடி போகும்வரை என் சட்டையின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் துடுப்பை உள்ளே விட்டதும் அதைச் சுற்றி நீலம் பூத்தது. துடுப்பைத் தூக்கினால் அதிலிருந்து ஒழுகும் ஒவ்வொரு சொட்டும் கீழே விழுந்து ஒரு பொட்டு வெளிச்சமாயிற்று. எங்கள் படகுக்கு அடியில் ஏதோ மீன் பாய்ந்தது, ஒரு கோடு மின்னி மறைந்தது. சட்டையைப் பிடித்திருந்த கை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் முழங்கை வரை தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

அப்போது லேசாகத் தூறல் போட்டது. ஐந்து நிமிடம் கூட இருக்காது. விரிகுடா முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம், மழைத்துளி விழுந்த இடமெல்லாம் ஒளி தெறித்தது. பதினைந்து வருடமாக ஒருவரையொருவர் பேசவிடாமல் பேசும் கூட்டம் நாங்கள். அந்த ஐந்து நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செல்பேசியில் இது சரியாக விழாது, எடுக்க முயலவும் வேண்டாம். எல்லா செல்பேசிகளையும் வேனிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்வேன்.

வியேக்கெஸ் போக சேய்பா என்ற ஊரிலிருந்து கப்பல். சேய்பா என்றால் நம் இலவ மரம், அந்த மரத்தின் பெயரைத்தான் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். கப்பல் பயணம் அரை மணி நேரம். கப்பலில் தீவுக்காரர்களுக்கு முன்னுரிமை, அது நியாயமும்கூட. மருத்துவமனைக்கும் கடைக்கும் அவர்கள் அதில்தான் போகவேண்டியிருக்கிறது. எனவே டிக்கெட்டை முன்கூட்டி வாங்கிவிடுங்கள். வாடகைக் காரைக் கப்பலில் ஏற்ற பெரும்பாலும் விடமாட்டார்கள். துறைமுகத்தில் நிறுத்திவிட்டு, தீவில் வேறு வண்டி எடுக்க வேண்டும். தீவில் பெரிய மருத்துவமனை இல்லை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து கையில் இருக்கட்டும்.

அங்கே குதிரைகள் அவிழ்த்துவிட்டபடி சாலையில் திரியும், இரவில் மெதுவாக ஓட்டுங்கள். தீவின் பெரும்பகுதி 1940களிலிருந்து 2003 வரை அமெரிக்கக் கடற்படையிடம் இருந்தது. குண்டு வீசிப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 1999இல் குறிதவறிய குண்டு ஒன்று உள்ளூர்க் காவலாளி ஒருவரைக் கொன்றது. அதன்பின் மக்கள் திரண்டு போராடித்தான் கடற்படையை வெளியேற்றினார்கள். இப்போது அந்த நிலத்தில் பெரும்பகுதி வனவிலங்குக் காப்பகம். வெடிக்காத குண்டுகள் இருப்பதால் சில இடங்களில் நுழையத் தடைப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைகளைத் தாண்டிப் போகாதீர்கள். நாம் படுத்துக் கிடக்கும் மணல் எப்படி அந்த மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

சாப்பாடு. சைவ நண்பர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். சோறும் அவரை விதைக் குழம்பும் எல்லாக் கடையிலும் உண்டு, பார்க்கச் சைவமாகத் தெரியும். பல இடங்களில் அதில் பன்றி இறைச்சித் துண்டு போட்டுத்தான் தாளிப்பார்கள். அங்கே பேசும் ஸ்பானிய மொழியில் "சின் கார்னே" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அதோடு "சின் ஹமோன்", அதாவது பன்றித் தொடைக்கறி இல்லாமல், என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மொஃபோங்கோ என்று ஒன்று, பொரித்த வாழைக்காயைப் பூண்டோடு மர உரலில் இடித்துத் தருவது. இதிலும் பன்றித் தோல் வறுவல் சேர்ப்பார்கள், வேண்டாம் என்றால் தவிர்த்துத் தருவார்கள். தட்டையாக அழுத்தி இருமுறை பொரித்த வாழைக்காய்க்கு டொஸ்டோனெஸ் என்று பெயர், சைவக்காரர்கள் இருவரும் அதிலேயே இரண்டு நாள் ஓட்டினார்கள்.

நாங்கள் அடுக்களை உள்ள வீடாக எடுத்திருந்தோம். சாலையோரத்தில் ஒருவர் பச்சைக் காய்களைப் பையில் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். தருமபுரிக்காரன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினான். பச்சைத் துவரங்காய்! அங்கே அதற்கு கந்தூலெஸ் என்று பெயர், அரிசியோடு சேர்த்துச் செய்யும் சோறு அவர்களுக்குப் பண்டிகைச் சாப்பாடு. துவரை இந்தியாவில் பிறந்து, ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் காலத்தில் இந்தத் தீவுகளுக்கு வந்தது. அன்று மாலை உப்புப் போட்டுத் தோலோடு அவித்து, எட்டுப் பேரும் வாசலில் உட்கார்ந்து உரித்துத் தின்றோம். பொங்கல் சமயத்தில் அவன் அம்மா இப்படித்தான் அவிப்பாராம். அவன் ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது.

பணம் பற்றி ஒரு விஷயம். எங்களில் ஒருவனுக்கு அந்தச் சமயம் வேலை போயிருந்தது, வேறு வேலை கிடைத்துச் சேர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இப்படி யாருக்காவது இருக்கும், வெளியே சொல்லமாட்டார்கள். அதனால் ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த அதிகபட்சத் தொகையைத் தனியாக ஒருத்தியிடம் மட்டும் எழுதி அனுப்பினோம். அவள் அதில் குறைந்த தொகையைச் சொன்னாள், யாருடையது என்று சொல்லவில்லை. மொத்தத் திட்டமும் அந்தத் தொகைக்குள். வேலை போனது அவனே அங்கே போய்ச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். இதை நீங்கள் கட்டாயம் செய்யுங்கள்.

கார்: எட்டுப் பேருக்கு ஒரே பெரிய வேன் பதிவு செய்திருந்தோம். போய் இறங்கியதும் வேன் இல்லை என்று கைவிரித்தார்கள், இரண்டு மணி நேரம் நின்றோம். கடைசியில் இரண்டு சின்னக் கார்கள் கிடைத்தன, அதுதான் வசதியாகவும் இருந்தது. காலையில் எழ விரும்பாதவர்கள் ஒரு காரை வைத்துக்கொள்வார்கள். ஆகவே முதலிலேயே இரண்டாக எடுங்கள். தூரப் பலகை கிலோமீட்டரில், வேகப் பலகை மைலில், பெட்ரோல் லிட்டரில் இருக்கும். குழம்பாதீர்கள்.

மற்ற நாட்கள் எப்படி என்றால், பழைய சான் ஹுவானுக்கு ஒரு நாள் போதும். எல் மோரோ கோட்டையை 1539இல் கட்டத் தொடங்கினார்கள், மாலையில் அதன் முன் புல்வெளியில் குழந்தைகள் பட்டம் விடுவார்கள், அந்த நேரத்துக்குப் போங்கள். எல் யுங்கே மழைக்காட்டுக்கு அரை நாள், விடியலில் கிளம்பினால் கூட்டம் இருக்காது. பிறகு இரண்டு இரவு வியேக்கெஸ். கடைசி நாளை வெறுமையாக விடுங்கள். குலெப்ரா தீவின் ஃபிளமெங்கோ கடற்கரையையும் சேர்க்க எங்களில் சிலருக்கு ஆசை, நான்தான் தடுத்தேன். இரண்டு தீவுக் கப்பல்களைத் துரத்தினால் பயணம் முழுக்க வரிசையில் நிற்பதிலேயே போய்விடும்.

இரவில் சன்னலைத் திறந்து வைத்துத் தூங்குங்கள். கட்டைவிரல் அளவுத் தவளை ஒன்று, "கோ-க்கீ, கோ-க்கீ" என்று விடிய விடியக் கத்தும். அதன் பெயரும் அதுவேதான், கொக்கீ. முதல் இரவு தூக்கம் கெட்டது. ஊர் திரும்பி வந்த இரவு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று குழுவில் நான்கு பேர் எழுதினார்கள்.

திரும்பும்போது சான் ஹுவான் விமான நிலையத்தில் வேளாண் துறையின் பெட்டிச் சோதனை உண்டு, பழம், காய், செடி என்று எதையும் யோசிக்காமல் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். எங்களிடம் இன்னும் ஒரு பை துவரங்காய் மீதம் இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் கொடுத்தோம். அவர் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, இதை உங்கள் ஊரில் எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டார். தருமபுரிக்காரன் பாதி ஆங்கிலத்திலும் பாதி சைகையிலும் சொல்லி முடிக்க, விமானத்துக்கு ஓட வேண்டியதாயிற்று.