பன்னிரு படிகளைக் கேள்வி கேட்கலாமா?

கேள்வி: குடியை விட முயல்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்குச் சென்று வரும் நான், பதினான்கு மாதங்களாகக் கசிப்பையோ சாராயத்தையோ தொடவில்லை. ஆயினும் குடியிலிருந்து மீள அவ்வமைப்பு வகுத்த பன்னிரு படிகளில், மதுசாரத்தின் முன் வலுவற்றவர்கள் என்று ஒப்புக்கொள்ளும் முதலாம் படியும், தன் குறைகளைத் தானே சோதித்து எழுதச் சொல்லும் நான்காம் படியும் என்னை உறுத்துகின்றன. 2009இல் இறுதிப்போரின்போது முல்லைத்தீவின் மாத்தளனில் மனைவியையும் மகனையும் இழந்தவன் நான். அன்று பட்ட கையறுநிலை போதாதா? இதைக் கேட்டதற்கு, "கேள்வி கேட்பவன் திரும்பவும் குடிப்பான்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். நான் கேட்டது தவறா?
— வாசகர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: தவறில்லை, ஐயா. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இவ்வமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் சத்திரசிகிச்சை வைத்தியர். 1939இல் வெளிவந்த இவ்வமைப்பின் நூல், பன்னிரு படிகளைக் கட்டளையாக அன்றி ஆலோசனையாகவே முன்வைத்தது. மூன்றாம் படியில் 'நாம் விளங்கிக்கொண்டவாறான கடவுள்' என்னும் தொடர் இடம்பெற்றதே, நம்பிக்கையற்ற தொடக்ககால உறுப்பினர்கள் வாதாடியதன் பயன். கேள்வி கேட்டவர்கள் திருத்திய வாசகங்களை வைத்துக்கொண்டு உங்கள் வாயை அடைப்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

முதலாம் படி பேசும் வலுவின்மை, மதுசாரத்தின் முன்னான வலுவின்மை மட்டுமே. பதுங்குகுழியில் நீங்கள் பட்டதை அது குறிக்கவில்லை. நான்காம் படிதான் கடினமானது. அது தன் நடத்தையைப் பற்றிய கணக்கு என்றாலும், பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற குற்றவுணர்வைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சுமக்கும் தகப்பனின் மனம், 'குறை' என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் எங்கே ஓடும் என்பதை அந்த இரு அமெரிக்கர்கள் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை; வன்னியில் கூட்டம் நடத்துவோர் எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும்.

குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்புரிமைக்குப் போதுமென்று இவ்வமைப்பின் நெறிகளான பன்னிரு மரபுகளில் மூன்றாவது கூறுவதால், ஐயம் கொண்டதற்காக உங்களை எவரும் விலக்க முடியாது. கூட்டங்களை விட்டுவிடாதீர்கள், குடியை முற்றாகத் தவிர்ப்பதில் இம்முறை ஏனைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் காட்டியது. ஆனால் போர்த்துயரைக் கையாள்வது கூட்டத்தின் வேலையன்று. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் சென்று அதைத் தனியே பேசுங்கள். அதுவரை நான்காம் படி காத்திருக்கலாம். எழுதத் தொடங்கும் நாளிலும், அந்தக் கணக்கில் மாத்தளனை எழுதாதீர்கள்.