டே கெயாரா, வீட்டில் ஆள் வைப்பதா? செலவுக் கணக்கு: கேள்வி பதில்

மட்டக்களப்புக் கல்லடியில் 11 வருடம் பகல் பராமரிப்பு நிலையம் நடத்தினேன். அதற்கு முன் 4 வருடம் என் வீட்டிலேயே அயல் பிள்ளைகளைப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக் கணக்கும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

மட்டக்களப்பு நகர், வங்கி ஊழியர்: டீச்சர், மகனுக்கு ஒன்றரை வயது. டே கெயாரில் மாதம் 14,000 ரூபா, சேர்ப்புக் கட்டணம் 10,000, சாப்பாட்டுக்குத் தனியாக 4,500. நாலரைக்கு மூடுவார்கள், பிந்தினால் மணிக்கு 200. வீட்டுக்கு வந்து பார்க்க ஓர் அம்மா 25,000 கேட்கிறார். டே கெயார்தானே மலிவு?

மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 22 நாளுக்குக் கணக்குப் போடுவோம். 14,000உம் சாப்பாடு 4,500உம். போய்வர ஓட்டோ நாளுக்கு 300 என்றால் 6,600. நீங்கள் வந்து சேர ஐந்தரை ஆகும், அதற்கு 4,400. சேர்ப்புக் கட்டணத்தை 12 மாதத்துக்குப் பிரித்தால் 830 சொச்சம். மொத்தம் 30,300 தாண்டுகிறது. வீட்டுக்கு வருபவருக்கு 25,000, அவருடைய மதியச் சோறும் தேத்தண்ணியும் நாளுக்கு 250 என்று 5,500. ஆக 30,500. மகனின் சாப்பாடு வீட்டுப் பானையிலேயே போய்விடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இரண்டாவது பிள்ளை வந்தால் கதை மாறும். நிலையத்தில் கட்டணமும் சாப்பாடும் ஏறக்குறைய இரட்டிக்கும். வீட்டுக்கு வருபவர் கொஞ்சம் கூட்டிக் கேட்பார், அவ்வளவுதான்.

ஆனால் அவர் வராத நாளுக்கு மாற்று ஆள் இல்லை. மாசியில் வெள்ளாமை வெட்டு, பிறகு கோயில் திருவிழா, ஒரு நாள் திடீரென்று வெளிநாடு. ‘பிள்ளை பார்த்த அக்கா குவைத்துக்குப் போயிட்டா’ என்று என்னிடம் ஓடிவந்த தாய்மார் பலர். அப்படி நீங்கள் எடுக்கும் சம்பளமில்லாத லீவையும் செலவில் எழுதுங்கள். நிலையத்தை எடுத்தாலும் அந்த லீவுச் செலவு இருக்கும். காய்ச்சல் பிள்ளையை அங்கே எடுக்க மாட்டார்கள், முதல் வருடம் தடிமனும் காய்ச்சலும் மாறி மாறி வரும்.

சாய்ந்தமருது: 7 மாதப் பிள்ளைக்கு ஓரிடத்தில் 15,000, இன்னோரிடத்தில் 8,000. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஒருவர் கையில் எத்தனை பிள்ளை என்பதுதான் காரணம். என் நிலையத்தில் ஒரு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஒருவர். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 30,000. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் சேர்த்தால் 34,500. மூன்றாகப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு 11,500. வாடகை, கரண்ட், தண்ணீர் இன்னும் சேரவில்லை. 8,000க்குப் பார்ப்பதென்றால் ஐந்து குழந்தைகளை ஒருவரிடம் கொடுத்தால்தான் சம்பளமே வரும், அல்லது அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் குறைகிறது. போய்க் குழந்தைகள் நித்திரை கொள்ளும் நேரத்தில் எண்ணிப் பாருங்கள்.

ஆரையம்பதி: பக்கத்து வீட்டு அக்கா 10,000க்குப் பார்ப்பதாகச் சொல்கிறா. விடலாமா?

நல்ல மனிசி என்றால் விடலாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் முதலில் கிணற்றைப் பாருங்கள். எங்கள் வளவுகளில் பாதிக் கிணறுகளுக்குக் கட்டு முழங்கால் உயரம்தான். தவழ்கிற பிள்ளை ஒரு நிமிடத்தில் போய்விடும். மூடியும் வேலியும் போடும் செலவை நீங்களே பாதி கொடுங்கள், அதற்குப் பிறகு பிள்ளையை விடுங்கள்.

அம்பாறை: எங்கள் பக்கம் நியாயமான கட்டணம் எவ்வளவு?
ஏறாவூர்: ஒரு மாதத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?
செங்கலடி: சரியான விலை என்ன, மிஸ்?

மூவருக்கும் ஒரே பதில். ஊருக்கு ஒரு விலை கிடையாது. மேலே வங்கித் தங்கச்சிக்குப் போட்ட கணக்கை உங்கள் தொகைகளை வைத்துப் போடுங்கள். கட்டணத்தில் என்னென்ன சேரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தாதி உத்தியோகத்தர்: எனக்குப் போயா நாளிலும் இரவிலும் கடமை.

அப்படியென்றால் நிலையம் உதவாது, வீட்டில் ஆள்தான்.

திருக்கோவில்: 15 வயதுப் பிள்ளை ஒன்று 8,000க்கு வருகிறாள். வைக்கலாமா?

வேண்டாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கச் சட்டம் விடாது. அவள் பள்ளிக்கூடம் போகட்டும்.

கல்முனை, தனியார் நிறுவனம்: பாலூட்டும் நேரம் தர மறுக்கிறார்கள்.

தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். நான் பிள்ளை பார்த்தவள், சட்டம் அவர்கள் துறை.

களுவாஞ்சிகுடி: அம்மம்மா இருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? செலவே இல்லையே.

அக்கரைப்பற்று: செலவில்லையா? என் உம்மம்மாவுக்கு 63 வயது, நீரிழிவு. மூன்று பிள்ளைகளைப் பார்க்கிறா. மாதம் ஒரு சதமும் யாரும் கொடுப்பதில்லை.

களுவாஞ்சிகுடி: பேரப்பிள்ளையைப் பார்க்கக் காசு கொடுத்தால் அது கூலி. பாசத்துக்கு விலை போடலாமா?

அக்கரைப்பற்று: மருந்து வாங்க மகளிடம் கை நீட்டுவது மட்டும் நன்றாக இருக்கிறதா?

இந்தப் பேச்சை நிறுத்த மனமில்லை, ஏனென்றால் எங்கள் பகுதியின் உண்மையான பிள்ளை பராமரிப்பு இதுதான். மகளுக்கு வீடு கொடுத்து, தாய் அடுத்த வளவிலேயே இருக்கிற வழக்கம் நமக்கு. அதனால்தான் எத்தனையோ பெண்கள் வேலைக்குப் போக முடிகிறது. தம்பி, காசு கொடுத்தால் பாசம் குறைந்ததை நான் பார்க்கவில்லை. முதுகு வலியைச் சொல்ல முடியாமல் பிள்ளையைத் தூக்கிய அம்மம்மாக்களைத்தான் பார்த்தேன். கூலி என்று சொல்ல மனம் வராவிட்டால் அவர் பேரில் வங்கிக் கணக்குத் திறந்து மாதம் ஒரு தொகை போடுங்கள். கிழமையில் இரண்டு நாள் பிள்ளையை அரை நாள் நிலையத்தில் விடுங்கள், கிளினிக் போக, கோயிலுக்குப் போக, படுத்திருக்க அவருக்கு நேரம் கிடைக்கும். அதையும் சேர்த்தாலும் மேலே வங்கித் தங்கச்சிக்குப் போட்ட 30,000 சொச்சத்தின் பக்கமே வராது.

களுவாஞ்சிகுடி: சரி டீச்சர், அம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

கேளுங்கள். ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்றுதான் முதலில் சொல்லுவா. இரண்டாவது தரமும் கேளுங்கள். உங்கள் வளவிலும் கிணறு இருக்கிறதுதானே? அதை இன்றைக்கே மூடுங்கள்.