நூறு ரூபாய்ப் பெட்டியோடு என்ன போட்டி?

கேள்வி: எனக்கு 38 வயது. ஊர், உடன்குடிப் பக்கம் ஒரு கிராமம். என் அத்தை பனையோலையில் பெட்டி முடைவார். கல்யாணமாகி வந்த பிறகு அவரிடம் கற்றுக்கொண்டேன். போனில் டிசைன் பார்த்து ஹேண்ட்பேக், லேப்டாப் உறை, சுவரில் மாட்டும் அலங்காரம் எல்லாம் செய்கிறேன். போன தீபாவளிக்கு முன்னால் சென்னையில் ஒரு அப்பார்ட்மென்ட் வளாகத்தில் நடந்த கண்காட்சியில் மூன்று நாள் ஸ்டால் போட்டேன். வாடகை 8,000 ரூபாய், போக்குவரத்தும் சாப்பாடும் 4,500. விற்றது 7,300. எல்லாரும் “க்யூட்டா இருக்கு” என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா 120 ரூபாய் பெட்டியைக் கையில் எடுத்து, “ஆன்லைன்ல இது நூறு ரூபாதானே” என்று வைத்துவிட்டுப் போனார். “பேசாம தையல் மிஷினையே மிதி” என்கிறார் அத்தை. புது டிசைனுக்கு எங்கே போவது? விலை எப்படி வைப்பது? இனிமேல் கண்காட்சிக்கே போகக் கூடாதா? மழைக்காலத்தில் பெட்டி பூசணம் பூக்கிறது, சாயம் கையில் ஒட்டுகிறது என்றும் புகார் வருகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லேப்டாப் உறை இருக்கிற படத்தில், பின்னால் திண்ணை ஓரமாக ஒரு மூடிப்பெட்டி பாதி தெரிகிறது. உள்ளே புளி வைத்திருக்கிறீர்கள் போல. அத்தை முடைந்ததாகத்தான் இருக்கும். வாய் ஓரத்தில் நார் கொடுத்து, ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு தையலாகப் பொத்தியிருக்கிறார். ஒரு இடத்தில்கூட ஓலை பிரிந்து நிற்கவில்லை. மூடி, பெட்டியின் தோளில் வந்து உட்கார்கிறது. நான் பல வருஷம் ஒரு கைவினைக் கடையின் கல்லாவில் உட்கார்ந்தவள். அந்தப் படத்தில் விலை போகிற பொருள் பின்னால் இருப்பதுதான்.

லேப்டாப் உறையில் உங்கள் கைவேலைக்குக் குறையில்லை. ஆனால் ஒரே இடத்தில் தினமும் மடங்குவதை ஓலை தாங்காது, ஆறு மாதத்தில் அந்த மடிப்பு கீறும். ஹேண்ட்பேக்கிலும் வார் தைத்த இடம்தான் முதலில் போகும். வாங்கியவர் அடுத்த முறை வரமாட்டார். போனில் பார்க்கிற டிசைன்களில் பாதி, வேறு ஏதோ நாட்டில் வேறு ஏதோ புல்லிலோ நாணலிலோ செய்தவை. நம் பனையோலை விறைப்பானது. நிமிர்ந்து நிற்க, மூடி வைக்க, காற்று உள்ளே போய்வர அதற்குத் தெரியும். அந்தக் குணத்தை வைத்துத்தான் உங்கள் ஊரில் எத்தனையோ தலைமுறை புழங்கியிருக்கிறது.

டிசைனுக்கு எங்கே போவது என்று கேட்டீர்கள். முதலில் பக்கத்து வீடுகளுக்குப் போங்கள். பரண் மேல் கிடக்கிற கடகம், சுளகு, விதை நெல் வைத்த பெட்டி, பொண்ணு வீட்டுச் சீரோடு வந்த பெட்டி எல்லாவற்றையும் இறக்கித் தரச் சொல்லி, படம் எடுத்து, அளவெடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அடி எப்படித் தொடங்குகிறது, மூலை எப்படித் திரும்புகிறது, ஒற்றைப் பின்னலா உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரட்டைப் பின்னலா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அத்தையைக் கேளுங்கள். மிஷினை மிதி என்று சொல்கிறவர், தன்னிடம் கேட்டால் சொல்லாமலா இருப்பார்?

காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டுக் கொட்டான் என்கிற பனையோலைக் கூடை இப்படித்தான் மீண்டு வந்தது. ஆச்சிமார் வீட்டு விசேஷங்களுக்கு முடைந்து, மணியும் குரோஷா வேலையும் வைத்து அலங்கரித்த பொருள் அது. பிளாஸ்டிக் கூடையும் எவர்சில்வரும் வந்ததும் பழக்கம் அற்றுப்போக இருந்தது. எம்.ஆர்எம்.ஆர்எம். கலாச்சார அறக்கட்டளை சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதைத் திரும்ப நடப்புக்குக் கொண்டுவந்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வெளியூர் டிசைனைத் தேடி அவர்கள் போகவில்லை, பழைய வீடுகளில் இருந்ததைத்தான் திரும்ப எடுத்தார்கள்.

உங்கள் பக்கத்திலோ சரக்கு அதைவிட அதிகம். பதநீர் குடிக்க ஓலையை மடித்துக் கட்டுகிறார்களே பட்டை, அதில் பின்னலே கிடையாது, வெறும் மடிப்பும் ஒரு முடிச்சும்தான். அதையே உள்ளங்கை அளவுக்குச் சின்னதாக்கினால், கல்யாணப் பந்தியிலும் கல்லூரி விழாவிலும் சுண்டலோ வேர்க்கடலையோ கொடுக்க ஆகும். ஒன்று செய்ய ஐந்து நிமிஷம் ஆகுமா? திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிக்கிறீர்கள். சென்னையில், பெங்களூரில் இருக்கிற உங்கள் ஊர்க்காரர்கள் அன்றைக்கு ஓலைக்கு அலைகிறார்கள். நறுக்கித் துடைத்த ஓலையைக் கட்டாகக் கட்டி, கார்த்திகைக்கு முன்னதாகக் கூரியரில் அனுப்பிப் பாருங்கள். அது கைவினையா என்று கேட்காதீர்கள், காசு. குருத்தோலை ஞாயிறு வந்தால் மணப்பாட்டிலும் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் ஓலைச் சிலுவை வேண்டும். குலசேகரன்பட்டினம் (குலசை) தசராவுக்குப் பத்து நாளும் கூட்டம் நெரிகிறது. முத்தாரம்மனுக்கு நேர்ந்து வேஷம் கட்டுகிறவர்களின் கிரீடம், மாலை, நெற்றிச் சுட்டியைக் கூர்ந்து பார்த்தால் சுவர் அலங்காரத்துக்கு வேறு புத்தகமே வேண்டாம்.

நிறத்துக்கு உங்கள் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்குப் போங்கள். உங்கள் படங்களில் பிங்க், கிளிப்பச்சை, வயலட் மூன்றும் ஒரே பெட்டியில் சண்டை போடுகின்றன. தேரி மணலின் சிவப்பு ஒன்று, குருத்தோலையின் வெளிர் நிறம் ஒன்று, கருப்பட்டியின் கருமை ஒன்று. ஒரு வருஷத்துக்கு இந்த மூன்றை விட்டு வெளியே போகாதீர்கள். எங்கே பார்த்தாலும் ‘இது அவங்க பெட்டி’ என்று ஆள் கண்டுபிடிக்க வேண்டும். ஊர் அடையாளம் என்று சொன்னதும் கலங்கரை விளக்கத்தைப் பெட்டியில் பின்னிவிடாதீர்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறதே என்று ராக்கெட்டும் வேண்டாம்!

இனி விலை. 120 ரூபாய் எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பக்கத்து ஸ்டாலைப் பார்த்து வைத்தீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மூடிப்பெட்டிக்கு ஓலை வாருவது, நனைப்பது, முடைவது, பொத்துவது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகிறது என்று வைப்போம். நூறு நாள் வேலைக்கே 2025–26இல் நம் மாநிலத்தில் நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். கைத்தொழில் தெரிந்தவருக்கு 400 போடுவது அதிகமில்லை. எட்டு மணி நேரக் கணக்கில் மணிக்கு 50. ஆக, கூலி மட்டும் 150. ஓலை, நார், சாயம் 40. கழிவுக்கும் பழுதுக்கும் 30. அடக்கமே 220 ரூபாய். 120க்கு விற்றபோது ஒவ்வொரு பெட்டியோடும் நூறு ரூபாயையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அத்தை உட்கார்ந்து பொத்துகிற நேரத்துக்கும் இதே கணக்குதான், வீட்டு ஆள் என்று விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பெட்டிக்கு 400 வையுங்கள். கடைக்காரர் நூற்றுக்கு நாற்பது கமிஷன் கேட்டாலும் 240 கைக்கு வரும், அடக்கத்துக்குக் கீழே போகாது. ஆனால் கடையில் 400 என்றால் உங்கள் ஸ்டாலிலும் 400தான். இங்கே 280க்குக் கொடுத்தீர்கள் என்று தெரிந்தால் எந்தக் கடையும் அடுத்த ஆர்டர் தராது. 400க்கு யார் வாங்குவார் என்று பயப்படுகிறவருக்காகத்தான் ஐந்து நிமிஷப் பட்டையும், தாம்பூலம் வைத்துக் கொடுக்கிற அரை மணி நேரச் சின்னக் கொட்டானும். மேஜையில் 30 ரூபாய்க்கும் ஒன்று இருக்கட்டும். அந்த அம்மா சொன்ன நூறு ரூபாய்ப் பெட்டி நிஜமாகவே இருக்கிறது. அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அது வேறு சரக்கு, வாங்குகிறவரும் வேறு ஆள்.

கண்காட்சிக்குப் போகலாமா? போன தடவைக் கணக்கையே பாருங்கள். செலவு 12,500. பெட்டிக்கு 180 லாபம் என்றாலும் 70 பெட்டி விற்றால்தான் போன செலவாவது தேறும். மூன்று நாளில் அது நடக்கிற இடமா அது? ஒரு பக்கம் கவரிங் நகை, மறுபக்கம் பானிபூரி, நடுவில் நீங்கள். தீபாவளி நெரிசலில் ஓலைப்பெட்டியை நின்று பார்க்க யாருக்கு நேரம்?

கண்காட்சிக்கு விற்கப் போவதைவிட ஆர்டர் பிடிக்கப் போங்கள். முப்பது தினுசு வேண்டாம், ஆறு போதும், ஒவ்வொன்றும் மூன்று அளவில். மேஜைக்குப் பின்னால் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், பாதி முடைந்த பெட்டியை மடியில் வைத்து முடைந்துகொண்டே இருங்கள். ஓலை நகர்கிற சத்தத்துக்கே ஆட்கள் நிற்பார்கள். நின்றவரிடம் “உங்க வீட்டுல ஏதாவது விசேஷம் வருதா?” என்று கேளுங்கள். பத்தமடையில் மாப்பிள்ளை, பெண் பெயரைப் பாயிலேயே நெய்து தருகிறார்கள், தெரியுமில்லையா? அதேபோல மூடியில் இரண்டு எழுத்து பின்னித் தர முடிந்தால் அந்தப் பெட்டிக்கு யாரும் ஆன்லைன் விலை சொல்ல முடியாது. ஆர்டர் நோட்டில் பெயர், நம்பர், விசேஷத் தேதி. முன்பணம் பாதி. இதில் வெட்கப்படாதீர்கள்.

எங்கே போவது என்பதும் முக்கியம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் மகளிர் திட்ட அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் குழுக்களுக்கான கண்காட்சிகள் நடக்கும், கல்லூரிச் சந்தையும் உண்டு. 1973 முதல் இருக்கிற, மாநில அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரில் உங்கள் மாதிரிகளைக் காட்டுங்கள். முட்டுக்காட்டில் இருக்கிற தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு வருகிற கூட்டம் கைவேலையைப் பார்க்கவென்றே வருகிற கூட்டம். மத்திய ஜவுளி அமைச்சகம் தருகிற கைவினைஞர் அடையாள அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். காந்தி சில்ப் பஜார் போன்ற கைவினைக் கண்காட்சிகளில் ஸ்டால் கேட்க அது வேண்டும். கடன் வேண்டுமென்றால், மாநில அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கானது, மானியம் உண்டு.

ஆனால் சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு முன் உங்கள் ஊர்க் கருப்பட்டி வியாபாரிகளைப் பாருங்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தாகிவிட்டது. அதைப் பாலித்தீன் கவரில் போட்டு விற்றால் என்ன அழகு? ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்கு 2019 ஜனவரி முதல் மாநிலத்தில் தடை இருக்கிறது. கால் கிலோ சில்லுக்கருப்பட்டி பிடிக்கிற அளவில் ஒரு பெட்டி செய்து, அதை நிரப்பிக் கொண்டுபோய்க் கடைக்காரர் மேஜையில் வையுங்கள். திருச்செந்தூருக்கு வருகிறவர்கள் ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று தேடுகிறார்கள். மாதம் 200 பெட்டி என்று ஒரே கடை கேட்டாலும் நீங்கள் ஒருவராக முடையமுடியாது. நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓலையைப் பதநீர் இறக்குகிற காலத்திலேயே மொத்தமாகச் சொல்லி வைத்து வாங்கிக் காயப்போடுங்கள். மரமேறுகிறவரிடம் பேரம் பேசாதீர்கள். ஏற ஆள் குறைந்துகொண்டே வருகிறது, அவர் வராவிட்டால் ஓலையே இல்லை. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவித்தார்கள். மரம் தப்பித்தாலும் ஏறுகிறவருக்கு வருமானம் வேண்டுமே.

தையல் மிஷினை விடவேண்டாம். கருப்பட்டிக் கடை ஆர்டர் ஒரு வருஷம் நிலையாக வந்த பிறகு யோசிக்கலாம்.

கடைசியாகச் சாயமும் பூசணமும். சாயம் கரைத்த கொதிநீரில் ஓலையை நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு அலசுகிற தண்ணீர் தெளிவாகிறவரை விடாமல் அலசுங்கள். காய்ந்ததும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் நிறம் வந்தால் அந்தக் கட்டு விற்பனைக்கு இல்லை. சாப்பிடுகிற பொருள் தொடுகிற பக்கம் எப்போதும் சாயமில்லாத ஓலைதான், சில்லுக்கருப்பட்டிப் பெட்டிக்கும் இதே விதி. முடைவதற்காக நனைத்த ஓலையில் ஈரம் உள்ளேயே தங்கும். முடித்த பெட்டியை மூடி கழற்றி இரண்டு நாள் வெயிலில் வைக்காமல் அடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரியர் அனுப்பும்போது பாலித்தீன் உறையில் அடைக்காமல், செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். “பூசணம் தெரிந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் வைக்கவும், தண்ணீரில் கழுவ வேண்டாம்” என்று ஒரு சின்னச் சீட்டும் உள்ளே போடுங்கள். பாதிப் புகார் அதிலேயே நின்றுவிடும்.