அம்மாவின் பொருள்களை அகற்ற மனம் வரவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 53. எங்களுடன் வசித்துவந்த என் அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் இருந்த அறையை அடுத்த விடுமுறையில் ஒழுங்குபடுத்தலாம், அதற்கடுத்த விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்திவிட்டேன். எங்கே வைப்பது என்று தெரியாத எதையும் அந்த அறையில் கொண்டுபோய் வைக்கும் பழக்கமும் இடையில் வந்துவிட்டது. உடுத்தாத துணிகள், பழுதான மின்விசிறி, பிரிக்காத தபால்கள், மகளின் பழைய பாடப்புத்தகங்கள், எதற்காவது உதவும் என்று எடுத்துவைத்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் சேர்ந்து, இப்போது அம்மாவின் கட்டில்வரை நடந்துபோகக்கூட வழியில்லை. அறை நிறைந்தபின் கூடத்திலும் சாப்பாட்டு மேசையிலும் பொருள்கள் ஏறிவிட்டன. நாங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பல மாதங்கள் ஆகின்றன.

சென்ற மாதம் இரண்டு நாள் வெளியூர் சென்றிருந்தபோது, எனக்கு உதவுவதாக நினைத்து என் மகள் நான்கு மூட்டைகளைக் கட்டி வெளியே வைத்துவிட்டாள். அவற்றில் ஒன்றில் அம்மாவின் மருந்துகள் இருந்தன. கடைசி மாதங்களில் அவருக்குக் கண் மங்கியிருந்ததால், ஒவ்வொரு மருந்து அட்டைப்பெட்டியிலும் ‘காலை’, ‘இரவு’ என்று தானே பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார். ஓடிப்போய்த் தேடியதில் ‘இரவு’ என்று எழுதிய பெட்டி ஒன்று மட்டுமே கிடைத்தது. ‘இரவு’ என்பதில் கடைசி எழுத்து கை நடுங்கிக் கீழே இழுபட்டிருக்கும். அதை இப்போது என் கைப்பையில் வைத்திருக்கிறேன். அன்று மகளைச் சொல்லக் கூடாத வார்த்தைகளால் பேசிவிட்டேன். “காலாவதியான மாத்திரைகள்தானே அம்மா” என்றாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அதன்பிறகு நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டுமே பேசிக்கொள்கிறோம்.

ஆட்களை வரவழைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிடலாம் என்கிறார் என் கணவர். நானே முயன்று பார்க்காமல் இல்லை. உட்கார்ந்து ஒரு பொருளைக் கையில் எடுப்பேன், எதையோ நினைத்துக்கொள்வேன், மீண்டும் கீழே வைப்பேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பொருள்கள் இடம் மாறியிருக்குமே தவிர, ஒன்றும் குறைந்திருக்காது. இது நோயா, அல்லது என் சோம்பலா என்று தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சோம்பல் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் விவரித்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் கடுமையான உழைப்பு. ஒரு பொருளைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும், இது தேவையா, பின்னால் வேண்டியிருக்குமா, இதை விட்டால் அம்மாவை விட்டதாகுமா என்று பல கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் பதில் தேடுகிறீர்கள். பதில் கிடைக்காதபோது பொருளைக் கீழே வைக்கிறீர்கள். அம்மாவின் அறையில் குவிந்திருப்பவற்றில் பெரும்பகுதி இப்படித் தள்ளிவைக்கப்பட்ட முடிவுகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மகளின் பாடப்புத்தகங்களுக்கும் உங்கள் துக்கத்துக்கும் தொடர்பில்லை. இருந்தும், ஒரே அறையில் கிடப்பதால் அவையும் துக்கத்தின் கனத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன.

நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருள்களின் மதிப்பு எதுவானாலும் அவற்றைக் கைவிட முடியாமல் தவிப்பதும், அதனால் அறைகளை அவற்றுக்குரிய பயனுக்குப் பயன்படுத்த முடியாத அளவுக்குக் குவியல் பெருகி அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுவதும் ‘பொருள் குவிப்புக் கோளாறு’ எனப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் அது தனிக் கோளாறாக இடம்பெற்றது. ஒரு கடிதத்தை வைத்து அதை நான் உறுதிசெய்யவோ மறுக்கவோ கூடாது. ஆனால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இளவயதில் தொடங்கி, பல ஆண்டுகளாக மெல்ல வளர்வது. உங்களுக்கோ அம்மாவின் மறைவுக்குப் பிறகுதான் தொடங்கியதாகக் கடிதத்திலிருந்து தெரிகிறது. எனவே துக்கம்தான் இதன் வேர் என்று கருதுகிறேன். நான் கீழே சொல்வதை இரண்டு மாதம் செய்தும் குவியல் குறையாவிட்டால், அல்லது உறக்கமும் பசியும் கெட்டிருந்தால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் சந்தியுங்கள். துக்கத்துக்கும் இந்தக் கோளாறுக்கும் பேச்சுவழிச் சிகிச்சைகள் இருக்கின்றன.

கணவர் சொல்லும் ஒரே நாள் திட்டத்துக்கு நான் உடன்படவில்லை. அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் உரியவரின் கை படாமல் காலிசெய்த அறை மீண்டும் நிறைந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், ஏனென்றால் முடிவெடுக்கும் பழக்கம் அங்கே உருவாகியிருக்காது. பிறருடைய பொருளைப் பற்றி முடிவெடுப்பது எளிது. 2012-ல் வெளியான மூளைப் படப்பிடிப்பு ஆய்வு ஒன்றில், பொருள் குவிப்புக் கோளாறு உள்ளவர்களிடம் அவர்களுடைய தபால்களையும் பிறருடைய தபால்களையும் காட்டி, வைத்துக்கொள்வதா கிழிப்பதா என்று கேட்டார்கள். தம்முடைய காகிதத்தைப் பற்றி முடிவெடுத்தபோது மட்டும், ஒன்றின் முக்கியத்துவத்தை எடைபோடும் மூளைப்பகுதிகள் அளவுக்கு மீறி இயங்கின. அந்தக் கோளாறு இல்லாதவர்களுக்கும், நெருங்கியவரின் நினைவு ஒட்டிய பொருளைக் கைவிடுவது பாரமானதுதான். உங்கள் மகள் நான்கு மூட்டைகளை இரண்டு நாளில் கட்டிவிட்டதை அன்பின்மை என்று எண்ணாதீர்கள். அந்தப் பெட்டியில் அவள் பார்த்தது மாத்திரைகளை மட்டுமே.

இனி, தொடங்க வேண்டிய இடம் அம்மாவின் அறை அன்று, சாப்பாட்டு மேசை. நடைபாதையில் காலை இடறும் பொருள் ஏதேனும் இருந்தால் அதை இன்றே நகர்த்துங்கள். மற்றபடி அந்த அறைக் கதவைச் சில வாரங்களுக்குச் சாத்தியே வையுங்கள், ஆனால் இனிப் புதிதாக ஒன்றும் உள்ளே போகக் கூடாது. மேசைமேல் இருப்பவற்றில் நினைவு ஒட்டாதவற்றை, அதாவது தபால் உறைகள், விளம்பரத் தாள்கள், வெற்றுப் பெட்டிகள் போன்றவற்றை முதலில் எடுங்கள். நாளுக்கு 20 நிமிடம் போதும். கடிகாரத்தில் மணி ஒலித்ததும் எழுந்துவிட வேண்டும். உற்சாகம் மிஞ்சியிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். நிரம்பிய பையை அன்றே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள், ஏனென்றால் வாசலருகே ஓர் இரவு இருக்கும் பை மறுநாள் பிரிக்கப்பட்டுவிடும். முடிவெடுக்க முடியாதவற்றுக்கு ஒரே ஒரு பெட்டி வைத்துக்கொண்டு, அதன்மேல் மூன்று மாதம் கழித்து வரும் ஒரு தேதியை எழுதிவையுங்கள். அந்தப் பெட்டி நிறைந்தால் இரண்டாவது பெட்டி கிடையாது. உள்ளே இருப்பதில் ஒன்றை வெளியேற்றினால்தான் புதிதாக ஒன்று உள்ளே போகலாம்.

பழுதான மின்விசிறி போன்றவற்றிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இதைச் சரிசெய்ய எந்தத் தேதியில் கொடுக்கப்போகிறேன்? தேதி சொல்ல முடியாவிட்டால் அது போகட்டும். அடுக்கிவைக்கப் புதுப் பெட்டிகளும் அலமாரிகளும் இப்போது வாங்க வேண்டாம். குறைப்பதற்கு முன் அடுக்கினால் குவியலுக்கு ஒரு மூடி கிடைக்கும், அவ்வளவுதான்.

மேசையும் கூடமும் தெளிந்தபின், முடிவெடுத்துப் பழகிய கையோடு அம்மாவின் அறைக்குப் போங்கள். அங்கே எதை அகற்றுவது என்று தேடாமல், எதை வைத்துக்கொள்வது என்று தேடுங்கள். அம்மாவை உங்கள் கண்முன் நிறுத்தும் பொருள்கள் பத்தோ பதினைந்தோ இருக்கும். அவற்றைக் குவியலிலிருந்து மீட்டுக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். குவியலின் அடியில் புதைந்து கிடக்கும் புடவை எந்த நினைவையும் காக்கவில்லை. மற்றவற்றைக் கொடுப்பதற்கு முன் புகைப்படம் எடுத்துவைத்துக்கொள்ளலாம். நினைவுப் பொருள்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டவர்கள் அவற்றைத் தானமாகக் கொடுக்கக் கூடுதலாக முன்வந்ததை 2017-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

உங்கள் கைப்பையில் இருக்கும் அந்தப் பெட்டிக்கு வருகிறேன். அதை நீங்கள் தூக்கியெறிய வேண்டாம். காலாவதியான மாத்திரைகளை மட்டும் மருந்தாளுநரிடம் கேட்டு முறையாக அகற்றிவிடுங்கள். நீங்கள் காப்பாற்றியது மருந்தை அன்று, அம்மாவின் கையெழுத்தை. ‘இரவு’ என்று எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் கத்தரித்து, ஒரு சட்டத்துக்குள் வையுங்கள். கைப்பையில் இருந்தால் ஓரம் மடங்கி, மை தேய்ந்து, சில மாதங்களில் அந்த எழுத்தே அழிந்துவிடும்.

அந்த அட்டையைச் சட்டத்துக்குள் வைப்பதற்கு முன் மகளிடம் காட்டுங்கள். கடைசி எழுத்து ஏன் கீழே இழுபட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் வார்த்தைகளுக்காக வருந்துவதையும், என்னைக் கேட்காமல் இனி எதையும் எடுக்காதே என்பதையும் அதே பேச்சில் சொல்லலாம், இரண்டுமே நியாயமானவை. மேசை காலியாகும்வரை இதைத் தள்ளிவைக்க வேண்டாம், இன்று இரவே பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்