கொஞ்சம் சத்தம்

அன்புள்ள ஐயா,

நான் மேரிலாந்தில் இருக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, இரண்டு வருடமாக லாக்ரோஸ் (முனையில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) விளையாடுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை மேட்சில் எதிரணிப் பையன் ஒருவன் பக்கத்தில் வரும்போதெல்லாம் இவன் பெயரை இழுத்து இழுத்துக் கிண்டல் செய்திருக்கிறான். மூன்றாவது குவார்ட்டரில் இவன் பொறுக்கமாட்டாமல் மட்டையால் அவன் முதுகில் ஒரு போடு போட்டுவிட்டான். இரண்டு நிமிடம் பெனால்டி. கிண்டல் செய்தவனுக்கு ஒன்றுமில்லை. நானும் கொஞ்சம் சத்தம் போட்டேன். மேட்ச் முடிந்ததும் வரிசையில் நின்று அதே பையனுக்குக் கைகொடுக்கச் சொன்னார் கோச். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பையன் வாயே திறக்கவில்லை.

பொறுத்துப் போ என்று சொல்லி வளர்ப்பதா, திருப்பிக் கொடு என்று சொல்லி வளர்ப்பதா? ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் என்பது வெள்ளைக்காரர்கள் நமக்கு மட்டும் நடத்தும் பாடமா? பேசாமல் செஸ்ஸிலோ சிலம்பத்திலோ சேர்த்துவிடலாமா? காலேஜ் அட்மிஷனுக்கு லாக்ரோஸ் உதவும் என்கிறார்கள், அதனால்தான் யோசனை.

கே.

*

அன்புள்ள கே.,

பையன் இப்போது பேசுகிறானா? பெயரை வைத்துக் கிண்டல் செய்வது சின்ன விஷயமில்லை. அமெரிக்கப் பள்ளியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும் டீச்சர் நம் வீட்டுப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் அரை வினாடி தயங்குவார். பிள்ளை அதற்குள் “ஹியர்” என்று சொல்லிவிடும். பெயர் உச்சரிக்கப்படுவதற்கு முன்பே கையைத் தூக்கப் பழகிய பிள்ளைகள் அவர்கள். மைதானத்திலும் அதே பெயரை ஒருவன் இழுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அவனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

காலேஜ் அட்மிஷனை விடுங்கள். ஒரு குழந்தையின் ஞாயிற்றுக்கிழமையை அந்தக் கணக்கில் எழுதாதீர்கள். சிலம்பம் தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும், ஆனால் மட்டையால் அடித்துப் பெனால்டி வாங்கியவனைக் கம்பு சுற்ற அனுப்புவதில் என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் அந்த ஒரு வரி. “நானும் கொஞ்சம் சத்தம் போட்டேன்.” மகன் செய்ததை, எந்தக் குவார்ட்டர், முதுகில் பட்டதா தோளில் பட்டதா என்றுகூட எழுதத் தெரிந்த உங்களுக்கு, நீங்கள் செய்ததை எழுத அந்த ஒரு வரிதான் கிடைத்ததா? என்ன சத்தம்? யாரைப் பார்த்து? ரெஃபரியைப் பார்த்துத்தானே? சில வாரங்களாக நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் வந்து மாட்டினீர்கள்.

நான் சில வருடங்கள் நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் பத்து வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடுவான். சனிக்கிழமை காலையில் அவர்களோடு நானும் போய் நிற்பேன். ஏப்ரலிலும் காது விறைக்கும் குளிர். ஒரு நாள் இரண்டு ரெஃபரிகளில் ஒருவனுக்குப் பதினைந்து வயதுதான் இருக்கும். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை அவனுக்கு இரண்டு சைஸ் பெரியது, தோள் தையல் முழங்கைக்கு இறங்கியிருந்தது. ஒருவன் பின்னாலிருந்து தள்ளியதற்காக, தப்பாட்டம் என்று காட்டும் மஞ்சள் கொடியை எடுத்துப் போட்டான். சரியான முடிவு, நான் நேராகப் பார்த்தேன். உடனே காப்பிக் குவளையோடு ஒரு அப்பா கோட்டை ஒட்டிக் கிளம்பினார். ரெஃபரி ஓடும் பக்கமெல்லாம் இவரும் நடந்தார். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. “கண் தெரிகிறதா? ரூல் தெரிகிறதா? யார் உன்னை அனுப்பியது?” இவ்வளவுதான், திரும்பத் திரும்ப. உங்கள் கணக்கில் கொஞ்சம் சத்தம்.

பையன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. காது மட்டும் சிவந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பாதி முடியும்வரை கொடியை அவன் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தள்ளினார்கள், எடுக்கவில்லை. கையில் மட்டையால் அடித்தார்கள், எடுக்கவில்லை. கடைசியில் ஒரு குட்டிப் பையன் கழுத்தில் அடி வாங்கி அழுதுகொண்டே வெளியே வந்தான். அவன் யார் மகன் என்று நினைக்கிறீர்கள்? காப்பிக் குவளைக்காரருடைய மகன்தான். அவர் அதற்கும் ரெஃபரியைத்தான் திட்டினார்.

இப்போது உங்கள் மேட்சுக்கு வருகிறேன். எதிராளியைக் கிண்டல் செய்வது லாக்ரோஸில் தண்டனைக்குரிய குற்றம். ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை வெளியே உட்கார வைக்கலாம், நடுவில் எதிரணி கோல் போட்டாலும் எழுந்து வர முடியாத வகைத் தண்டனை. பொதுவாக பெஞ்சுகள் ஒரு பக்கம் இருக்கும், பெற்றோர் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். உங்கள் பக்கத்து ரெஃபரி உங்களுக்குச் சில அடி தூரத்தில்தான் ஓடுகிறார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் வார்த்தை அவர் காதில் விழ வேண்டுமானால் முதலில் நீங்கள் வாயை மூட வேண்டும். உங்கள் மகனுக்கு நியாயம் கிடைக்காததில் உங்கள் பக்கத்துச் சத்தத்துக்கும் பங்கு உண்டு. நீங்கள் அடிக்குப் பிறகுதான் கத்தினேன் என்பீர்கள். இருக்கட்டும். முதல் இரண்டு குவார்ட்டர் அந்தக் கோட்டோரத்தில் நிசப்தமாகவா இருந்தது?

அமெரிக்காவில் 2017இல் பல விளையாட்டுகளையும் சேர்ந்த 17,000க்கும் மேற்பட்ட நடுவர்களிடம் அவர்களது தேசியச் சங்கம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதிகத் தொல்லை யாரால் என்ற கேள்விக்கு முதலிடம் பெற்றோருக்கு. கோச்சுகள் அடுத்துதான். 2018-19க்குப் பிறகு உயர்நிலைப் பள்ளி நடுவர்களில் மட்டும் ஏறக்குறைய 50,000 பேர் விலகிப்போனதாகக் கணக்கு. பெரியவர்கள் போய்விட்டால் அந்தச் சட்டையை யார் போடுவது? பதினைந்து வயதுக்காரன்தான் போடுகிறான். அவனையும் விரட்டுங்கள், அப்புறம் நீங்களே விசிலை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பல லீக்குகளில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பெற்றோரைக் கோட்டோரப் பொறுப்பாளராக நியமிக்கிறார்கள். அவர் குழந்தைகளைப் பார்ப்பதில்லை, மற்ற பெற்றோரைத்தான் பார்க்கிறார். நாற்பது வயதில் ஆயாம்மா தேவைப்படுகிற கூட்டம்!

வெள்ளைக்காரர்கள் நடத்தும் பாடமா என்று கேட்டீர்கள். முதலில் இது வெள்ளைக்காரர்களின் ஆட்டமே இல்லை. இராக்வா என்று வெளியார் அழைத்த, வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோடெனோஷோனி மக்களின் ஆட்டம். நோயாளிக்காக ஆடுவார்கள், படைத்தவன் பார்த்து மகிழ்வதற்காக ஆடுவார்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு குட்டி மட்டை கொடுப்பார்கள், செத்தால் மட்டையோடு புதைப்பார்கள்.

மான்ட்ரியாலில் பியர்ஸ் என்ற பல் மருத்துவர் 1867இல் இந்த ஆட்டத்துக்கு விதி எழுதினார். 1880இல் கனடாவின் லாக்ரோஸ் சங்கம், காசு வாங்காதவர்கள்தான் ஆடலாம் என்றது. பூர்வகுடி அணிகள் பயணச் செலவுக்குக் காசு வாங்கித்தான் ஆடின. ஆக, ஆட்டத்தைக் கொடுத்தவர்கள் வெளியே போனார்கள். கனவான்கள் ஆட்டம் என்ற பெயர் அப்படித்தான் வந்து ஒட்டியது. உங்கள் சந்தேகத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் 2019 ஜனவரியில் பிலடெல்பியாவில் நடந்ததைக் கேளுங்கள். லைல் தாம்ப்சன் ஹோடெனோஷோனிகளில் ஒனொன்டாகா இனத்தவர், இன்றைய லாக்ரோஸின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர். நீண்ட பின்னல் வைத்திருப்பார். அந்தப் பின்னலை வெட்டிவிடலாம் என்று அரங்கின் அறிவிப்பாளரே மைக்கில் சொன்னார். கூட்டத்திலும் சிலர் அதைவிட மோசமாகக் கத்தினார்கள். தாம்ப்சன் மட்டையைத் தூக்கிக்கொண்டு கேலரிக்கு ஓடவில்லை. ஆட்டத்தை ஆடி முடித்தார், அப்புறம் நடந்ததைத் தன் பெயரில், பொதுவில், பதிவு செய்தார். அறிவிப்பாளருக்கு வேலை போயிற்று. பொறுத்துப் போ என்பதும் இல்லை, திருப்பிக் கொடு என்பதும் இல்லை. உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது லைல் தாம்ப்சனின் பெயர். அவன் ஆடுகிற ஆட்டம்தானே, ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹோடெனோஷோனி அணி தன் சொந்த பாஸ்போர்ட்டில்தான் பயணம் செய்யும். 2010இல் மான்செஸ்டரில் உலகக் கோப்பை. அந்த பாஸ்போர்ட்டை ஏற்க முடியாது என்று பிரிட்டன் சொல்லிவிட்டது. வேறு பாஸ்போர்ட்டில் வந்தால் விடுகிறோம் என்றபோது அணி மறுத்து, நியூயார்க்கில் காத்திருந்து திரும்பிப் போனது. 2018 உலகக் கோப்பையில் அவர்களுக்கு மூன்றாமிடம். அப்படியிருந்தும் அலபாமாவில் நடக்கவிருந்த ‘வேர்ல்ட் கேம்ஸ்’ என்ற பல விளையாட்டுப் போட்டிக்கு அவர்களை அழைக்கவில்லை. தனி நாடு இல்லையாம், ஒலிம்பிக் கமிட்டி இல்லையாம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அழைக்கச் சம்மதித்தார்கள், ஆனால் இடம் எட்டு அணிகளுக்குத்தான். 2020இல் அயர்லாந்து அணி தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. யாரும் அவர்களைப் பிடித்துத் தள்ளவில்லை. தகுதி பெற்ற பையன்கள், பல வருடம் ஓடி உழைத்தவர்கள், நாங்கள் வரவில்லை, அவர்கள் வரட்டும் என்றார்கள். 2022இல் ஹோடெனோஷோனி அங்கே ஆடியது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரி, உங்கள் விஷயம். மட்டையால் முதுகில் அடித்ததற்கு இரண்டு நிமிடம் நியாயமான தண்டனை, அதில் பேரம் வேண்டாம். கைகொடுக்கச் சொன்ன கோச் சரியாகத்தான் செய்தார். ஆனால் நடந்ததை விசாரிக்காமல் விட்டிருந்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறார். இன்றே அவருக்கு ஒரு மெயில் எழுதுங்கள்: தேதி, எதிரணிப் பையனின் ஜெர்சி எண், அவன் சொன்ன வார்த்தை. என்ன சொன்னான் என்பதை மகனையே சொல்லச் சொல்லி அப்படியே எழுதுங்கள், உங்கள் உரைநடையைச் சேர்க்காதீர்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் லீக்குக்கு அனுப்புங்கள். அந்த மெயிலில் நீங்கள் கத்தியதையும் எழுதுங்கள், முழு வாக்கியமாக. இல்லாவிட்டால் அவர்கள் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடக்கு நாற்காலியைக் கோட்டோரத்தின் கடைசி மூலையில் போடுங்கள். அங்கிருந்தும் ஆட்டம் நன்றாகவே தெரியும்.